பாக்கியத்தின் நான்காவது கண்ணி

இதை எழுதலாமா வேண்டாமா என்று எத்தனையோ வருடங்களாகத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். இந்தத் தொடரை ஆரம்பித்தபோதுகூட இந்தக் கதையைத்தான் முதலில் எழுத உட்கார்ந்தேன். இரண்டு வரி எழுதியதும் கை நின்றுவிட்டது. உடனே ரோடு போட்ட கதைகளுக்குத் தாவிவிட்டேன். காரணம் பயம்தான். நான் விளக்கேற்றிக் கும்பிடாமல் காலையில் காப்பி குடிக்காதவன். தமிழ்ப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவன். எழுத்தில் தப்பு வந்தால் வாசகர்கள் பொறுத்துக்கொள்வீர்கள். அம்மனின் மகிமையைக் குறைத்துப் பேசுகிறான் என்று நினைத்துவிட்டால் என்ன செய்வது?

ஆனால் போன மாதம் மலாக்காவில், புக்கிட் பாருவில் ஒரு கல்யாண வீட்டில், பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவர் என்னை யாரென்று தெரியாமல் என்னிடமே இந்தக் கதையைச் சொன்னார்.

"காஜா பெராங்ல ஒரு ரோலர்காரன் இருந்தான். பொறவி ஊமை. கோயில்ல அம்மா அவன் நாக்குல உக்காந்தா பாரு, அப்படிப் பாடுனானாம். எங்க பெரியப்பா நேர்ல பாத்தாரு."

"அப்புறம் அவன் என்ன ஆனான்?" என்று கேட்டேன், வடையைக் கையில் வைத்துக்கொண்டு.

"அவனா? அப்பவே செத்துட்டான் லா."

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் பேனாவை எடுத்தேன்.

ஒரு கட்டை

ரோடு போடும் ரோலரை ஓட்டிய அந்த ரோலர்காரன் நான்தான். மெர்டேக்கா, அதாவது மலாயாவுக்குச் சுதந்திரம், வந்து ஒன்றிரண்டு வருடம் ஆகியிருக்கும். காஜா பெராங்கில் எங்கள் வரிசை வீடுகளுக்குள் ஒரு பஜனைக் குழு இருந்தது. வெள்ளிக்கிழமை சாயந்திரம் ஆர்மோனியம் சண்முகம் அண்ணன் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்துப் பாடுவோம். பாடுவார்கள் என்று சொல்வதுதான் சரி. நான் வாசலில் செருப்புக்குக் காவல் இருப்பேன்.

அன்றைக்கு நான் செருப்பைத் தாண்டி உள்ளே போய் ஆர்மோனியத்துக்கு முன்னால் நின்றேன். "அண்ணே, அம்மன் கோயில் திருவிழாவுல எனக்கு ஒரு பாட்டுக்கு எடம் வேணும். தனியா பாடணும்" என்றேன்.

கூடத்தில் ஊதுவத்தி வாசனையும் யாரோ கொண்டுவந்த பிசாங் கோரேங் வாழைப்பழ பஜ்ஜியின் எண்ணெய் வாசனையும் கலந்திருந்தது. எல்லோரும் மெல்லுவதை நிறுத்திவிட்டார்கள்.

சண்முகம் அண்ணன் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். அப்போது நான் ஆறடி. அரிசி மூட்டையை ஒரே கையால் தூக்குவேன். "ஆனை மாதிரி ஒடம்பு. ஒனக்கு ஒரு கட்டைதான்டா சரி" என்று சொல்லி ஆர்மோனியத்தில் தாழ்ந்த கட்டையை அழுத்தினார். பாடுகிறவர் எந்த உயரத்தில் தன் முதல் சுரத்தை வைத்துக்கொள்கிறார் என்பதைக் கட்டைக் கணக்கில் சொல்வார்கள். ஆண்களுக்கு ஒன்று, இரண்டு. பெண்களுக்கு நாலு, ஐந்து. எங்கள் குழுவில் ஆளின் பருமனைப் பார்த்தே கட்டையைச் சொல்லிவிடுவது வழக்கம்.

வாயைத் திறந்தேன். முதலில் காற்று வந்தது. பிறகு உறுமல் வந்தது. மேலே போக முயன்றபோது சத்தம் இரண்டாக உடைந்தது.

"டேய் மாணிக்கம்! நீ பாடுனா அம்மா கோயில விட்டு எறங்கி ஊரைத் தாண்டி குருபோங் பக்கம் ஓடிருவாடா!" என்றார் அண்ணன். பாய் முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன். பெரிய உடம்புக்காரர்களுக்குச் சின்ன வயதிலிருந்தே வந்துவிடுகிற பழக்கம் அது.

எதைக் கொடுப்பது

நான் ஏன் பாட ஆசைப்பட்டேன் என்பதைச் சொல்ல வேண்டும். ஆசையே இல்லை. அது நேர்த்திக்கடன்.

அதற்கு முந்திய வருடம் என் மனைவி பாக்கியம் மூன்றாவது பிரசவத்துக்குப் பிறகு படுத்த படுக்கையாகிவிட்டாள். குழந்தை நன்றாக இருந்தது. தாய்க்குக் காய்ச்சல் விடவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் டெட்டால் வாசனைக்கு நடுவே நின்றுகொண்டு அம்மனிடம் என்ன கொடுப்பேன் என்று சொல்லலாம் என யோசித்தேன். காவடி எடுக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் சுமப்பதும் வெயிலில் நடப்பதும் என் பிழைப்பு. தினமும் செய்வதையே அவளுக்கும் கொடுத்தால் அது என்ன காணிக்கை? எதைச் செய்ய உனக்கு உயிர் நடுங்கும் என்று என்னையே கேட்டுக்கொண்டேன். பத்துப் பேர் முன்னால் பாடுவதுதான்.

"தாயே, இவ எந்திரிச்சு நடந்தா, உன் சன்னதியில ஒரு பாட்ட முழுசா நானே வாயால பாடறேன்."

பாக்கியம் எழுந்தாள். முதலில் கட்டிலைப் பிடித்தபடி நடந்தாள், பிறகு கிணற்றடிவரை, பிறகு பசார்வரை. அவள் ஒவ்வொரு எட்டு வைக்கும்போதும் எனக்குச் சந்தோஷம். கூடவே பயம். கடனைத் தீர்க்காவிட்டால் நோய் அவளுக்கே மறுபடி வந்துவிடுமோ என்று இருக்கும்.

சண்முகம் அண்ணன் வீட்டில் சிரித்த கதையைப் பாக்கியத்திடம் சொன்னேன். அவள் மீன் அரிந்துகொண்டிருந்தாள்.

"சிரிச்சா சிரிக்கட்டும். கோயிலுக்குப் பின்னால செட்டி வீட்டுப் பொண்ணு ஒருத்தி தனித்தனியா பாட்டு சொல்லிக் குடுக்குதாம். போய்க் கேளுங்க."

"அவங்களுக்குத் தமிழே தெரியாதே."

"உங்களுக்குப் பாட்டே தெரியாது. ரெண்டு பேருக்கும் சரியாப் போச்சு."

யார் சிரித்தார்கள்?

மலாக்காச் செட்டிகளைப் பற்றி வெளியூர் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. எங்களுக்கு முன்னால் பல தலைமுறையாக இங்கே இருப்பவர்கள். சாமி நம் சாமி, விபூதி நம் விபூதி, பேச்சு மட்டும் மலாய். சில தமிழ்ச் சொற்கள் அதற்குள் உட்கார்ந்திருக்கும்.

பாக்கியம் சொன்ன அந்த டீச்சர் நாகம்மாவுக்கு என்னைவிடப் பத்து வயது குறைவு. கெபாயாச் சட்டையும் சாரோங் கைலியும் உடுத்தி, சைக்கிளில் வயலின் பெட்டியைக் கட்டிக்கொண்டு திரிவாள். பாபா என்கிற மலாக்காச் சீனர் வீட்டுக் கல்யாணங்களில் பாந்துன் என்ற மலாய்ப் பாட்டுப் பாடுகிறவர்களுக்கு வயலின் வாசிப்பாள். மற்ற நாட்களில் ஒரு நேரத்துக்கு ஒரே ஓர் ஆளுக்குப் பாடம். இரண்டு பேரைச் சேர்த்து உட்கார வைக்கவே மாட்டாள்.

அவள் வீட்டு அலமாரியில் ஆளுக்கு ஒரு நோட்டு இருந்தது. முதல் பக்கத்தில் பாட்டு இருக்காது. அந்த ஆளைப் பற்றிய விவரம் இருக்கும். தபால்காரர் ஒருவர் அவளிடம் மாண்டலின் படித்தார். அவருக்குச் சாதகம் பண்ண வீட்டில் இடமில்லை. அதனால் அவர் தபால் கொடுக்கிற தெருக்களையே பாடமாகப் பிரித்துவிட்டாள். ஒரு தெருவுக்கு ஒரு வரி. தெரு முடிவதற்குள் அந்த வரியை விசிலடித்து முடிக்க வேண்டும். நகைக்கடை முதலாளி தௌக்கேயின் மனைவிக்கு வலது மணிக்கட்டு மடங்காது. இடது கையால் மட்டும் பியானோ வாசிக்கிற மாதிரி அந்தம்மாவுக்கு ஒரு பாட்டையே திருத்தி எழுதிக் கொடுத்திருந்தாள்.

என்னிடம் மலாயில் கேள்வி கேட்டாள். எல்லாம் விசித்திரமான கேள்விகள். என்ன வேலை? எத்தனை மணிக்கு எழுந்திருப்பீர்கள்? வேலையில் கத்த வேண்டியிருக்குமா? கடைசியாக, "பாடினபோது யார் சிரித்தார்கள்?"

"எல்லாரும்."

"முதலில் சிரித்தது யார்?"

"நான்தான்" என்றேன். அதையும் எழுதிக்கொண்டாள்.

பிறகு பாடச் சொன்னாள். அதே உறுமல், அதே உடைசல். அவள் சிரிக்கவில்லை. வயலினை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தாள். "அண்ணே, நீங்கள் வேலை செய்யும் இடத்துக்கு வருகிறேன்" என்றாள். 'அண்ணே' என்பது அவளிடம் இருந்த தமிழ்ச் சொற்களில் ஒன்று.

ரோடு ஓரத்தில் வயலின்

அந்த வாரம் புக்கிட் பாரு போகிற பாதையில் தார் போட்டுக்கொண்டிருந்தோம். நான் ரோலரின் மேல். கீழே டீசல் இஞ்சின் ஓயாமல் முழங்கும். நாள் முழுக்க முன்னே போவதும் பின்னே வருவதும்தான் வேலை.

வெயில் தாழ்ந்த நேரத்தில் அவள் சைக்கிளை நிறுத்தி, ரம்புத்தான் மரத்தடியில் வயலினோடு நின்றாள். தார் கொட்டுகிறவர்களுக்குக் கொண்டாட்டம்.

"மாணிக்கண்ணே, மாப்பிள்ள ஊர்வலமா? மேளம் எங்க?"

"ஏறி உக்காருங்க டீச்சர், மெதுவாத்தான் போவும்! பொண்ணு வீடு போய்ச் சேர பொங்கலாயிரும்!"

நான் வெட்கத்தில் முன்னால் மட்டும் பார்த்துக்கொண்டு ஓட்டினேன். கொஞ்ச நேரத்தில் அவளை மறந்தும் போனேன். திடீரென்று கீழிருந்து வயலின் சத்தம் என் காதைத் தொட்டது. எனக்குத் தெரிந்த சத்தமாக இருந்தது. எங்கே கேட்டிருக்கிறேன்? இஞ்சினை அணைத்தேன். வயலினும் நின்றது.

"தாக் ரோசாக், அண்ணே! திங்கி!" என்று கத்தினாள். கெட்டுப்போன குரல் இல்லை, உயரமான குரல் என்று அர்த்தம்.

அப்போதுதான் எனக்கே தெரிந்தது, ரோலரில் உட்கார்ந்தால் நான் முனகிக்கொண்டே இருப்பேன் என்பது. பதினோரு வருடமாக அப்படி இருந்திருக்கிறேன். அவள் சொன்ன விளக்கம் இது: இஞ்சின் தாழ்ந்த சத்தத்தையெல்லாம் தின்றுவிடும். தன் சத்தம் தனக்குக் கேட்க வேண்டுமென்றால் குரல் மேலே ஏறித்தான் ஆக வேண்டும். என் குரல் இடமிருக்கிற உயரத்துக்கு ஏறி அங்கேயே குடியிருந்துவிட்டது. வயலினில் தொட்டுக் காட்டினாள். நாலரைக் கட்டை.

"அது பொம்பளைங்க கட்டையாச்சே டீச்சர்."

"உங்கள் கட்டை, அண்ணே. யாரிடமும் இரவல் வாங்கவில்லையே?"

ஏழு மாதம்

செவ்வாய்க்கிழமை ஐந்து மணி என் நேரம். முதல் காரியமாக நான் கத்துவதை நிறுத்தினாள். ரோலரின் மேலிருந்து ஆட்களை விலகச் சொல்லிக் கத்திக் கத்தித் தொண்டை தடித்திருந்தது. பந்தாட்டத்தில் ஊதுகிற விசில் ஒன்றை வாங்கிக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிவிட்டாள். பாடம் ரோலரில் ஆரம்பித்து வீட்டுக்கு வந்தது. முதல் இரண்டு மாதம் பாட்டே கிடையாது. வயலின் பிடிக்கிற சுருதிமேல் முனகல் மட்டும். பிறகு வாயைப் பாதி திறந்து. பிறகு முழுதாக.

பாட்டு, பாக்கியம் பிறந்த ரப்பர் தோட்டத்துப் பெண்கள் கும்மியடித்துப் பாடுகிற அம்மன் பாட்டு. மூன்று கண்ணி. எனக்குச் சுரம் தெரியாது, ஆனால் எண் தெரியும். அதனால் டீச்சர் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்களாக எழுதிக் கொடுத்தாள். தமிழ் தெரியாததால் ஒவ்வொரு வரிக்கும் அர்த்தம் கேட்பாள். நான் மலாயில் தடுமாறுவேன். பாக்கியம் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கூட வந்து கையாலேயே விளக்குவாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை பாக்கியம், "இன்னொரு கண்ணி இருக்கு. நானாக் கட்டுனது" என்றாள். எனக்கே அது புதிது. சுவரைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னாள்:

*பாயில கெடந்தவளப் பாத்தியம்மா நீ வந்து*
*வாச வர நடந்தேனம்மா வளையல் குலுங்க எழுந்து*

டீச்சர் அர்த்தத்தைக் கேட்டுக்கொண்டாள். பிறகு ஒரே ஒரு கேள்வி: "இதில் எந்தச் சொல் கோயில் வாசல்வரை கேட்க வேண்டும், அக்கா?"

"எழுந்து" என்றாள் பாக்கியம்.

அந்தச் சொல்லைப் பாட்டிலேயே உயர்ந்த இடத்தில் தூக்கி வைத்தாள் டீச்சர். எனக்கு மூச்சு எட்டவில்லை. மூன்று மாதம் எட்டவில்லை. அதற்காகச் சொல்லைக் கீழே இறக்க அவள் ஒப்பவில்லை. முந்திய சொல்லில் மூச்சு வாங்குவதற்கு ஓர் இடைவெளி செய்து கொடுத்தாள். அந்தக் கண்ணியைப் பாடாமல் பாட்டு முழுதாகாது என்று எனக்கு உறுதியாகத் தெரிந்துவிட்டது.

சன்னதியில்

திருவிழா அன்று காலை. பாலாபிஷேகம் முடிந்து கல் தரையெல்லாம் ஈரம். பால் வாசனை, வேப்பிலை வாசனை. சண்முகம் அண்ணன் கடைசியில் எனக்கு இடம் கொடுத்திருந்தார், பாக்கியம் அவர் மனைவியிடம் போய் நின்றதால். "சீக்கிரம் முடிச்சுட்டு எறங்கிரு" என்று காதில் சொல்லிவிட்டுப் பழக்கத்தில் அதே தாழ்ந்த கட்டையை அழுத்தினார்.

"அண்ணே, ஆர்மோனியம் வேணாம். நிறுத்துங்க" என்றேன்.

கண்ணை மூடினேன். ரோலரில் ஏறி உட்கார்ந்ததாக நினைத்துக்கொண்டேன். முனகல் வந்தது. வாயைத் திறந்தேன்.

முதல் கண்ணி முடியும்போது கோயிலில் பேச்சுச் சத்தம் இல்லை. இரண்டாவதில் பெண்கள் குலவை போட்டார்கள். மூன்றாவது கண்ணியில் என் குரல் கூரைவரை போவது எனக்கே கேட்டது. கண்ணைத் திறந்தேன்.

சனம் கும்பிட்டுக்கொண்டிருந்தது. அம்மனை இல்லை. என்னை.

ஆறடி ஆளிடமிருந்து அப்படி ஒரு குரல் வந்தால் நம் சனங்கள் வேறென்ன நினைப்பார்கள்? "அம்மா வந்துட்டாடீ!" என்று ஒரு குரல். யாரோ ஒரு குடம் மஞ்சள் தண்ணீரை என் தலையில் ஊற்றினார்கள். யாரோ வாயில் எலுமிச்சம்பழத்தைத் திணித்தார்கள். பூக்காரப் பொன்னம்மாக்கா என் காலைப் பிடித்துக்கொண்டு, "தாயீ, எம் மவனுக்கு எப்ப வேல கெடைக்கும், ஒரு வாக்குச் சொல்லு தாயீ!" என்று அழுதார். அவருக்குப் பக்கத்தில் ஆர்மோனியத்தை விட்டு இறங்கி வந்து, சாஷ்டாங்கமாக, சண்முகம் அண்ணன்!

"தாயே, தெரியாமச் சிரிச்சுட்டேன். மன்னிச்சுரு தாயே!"

வாசகர்களே, உள்ளதைச் சொல்கிறேன். ஒரு நொடி இனித்தது. வாயில் பழம் இருக்கிறது, பேச வேண்டியதே இல்லை. கண்ணை உருட்டிவிட்டு மயங்கி விழுந்தால் போதும். ஊரே தூக்கிக்கொண்டு போகும்.

அப்போது பெண்கள் பக்கம் பாக்கியத்தைப் பார்த்தேன். அவள் கும்பிடவில்லை. அவள் உதடு மட்டும் அசைந்தது. நான்காவது கண்ணியின் முதல் சொல்லைச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். முழுசா பாடறேன் என்று சொன்னது நான். அம்மனாகிவிட்டால் இந்த மாணிக்கத்தின் கடனை யார் தீர்ப்பது?

பழத்தைத் துப்பினேன். "சண்முகண்ணே, எந்திரிங்க. நான் மாணிக்கம்தான்."

"தாயே..."

"அருள் இல்லண்ணே. இது நாலரைக் கட்டை."

அவர் படுத்தபடியே தலையைத் தூக்கினார்.

"நாகம்மா டீச்சர் ஏழு மாசமாச் சொல்லிக் குடுத்தது. அதோ பூத்தட்டோட நிக்கிறாங்க பாருங்க. பொன்னம்மாக்கா, காலை விடுங்க. இன்னும் ஒரு கண்ணி பாக்கி இருக்கு. அது எம் பொண்டாட்டி கட்டுனது."

கூட்டம் திகைத்தது. சண்முகம் அண்ணன் மெல்ல எழுந்தார். வேட்டியெல்லாம் மஞ்சள் தண்ணீர். போய் ஆர்மோனியத்தின் முன்னால் உட்கார்ந்தார்.

"நாலரையா?" என்றார்.

"நாலரை."

அழுத்தினார். வாழ்க்கையில் முதல் தடவையாக என் குரலுக்கு ஆர்மோனியம் வந்து நின்றது. நான்காவது கண்ணியைப் பாடினேன். மூச்சு வாங்கும் இடத்தில் மூச்சு வாங்கினேன். 'எழுந்து' என்ற சொல் கோயில் வாசலைத் தாண்டி, வெளியே ஐஸ் விற்கிறவன் மணியை அடிக்காமல் பிடித்துக்கொண்டு நின்றானாம், அவன்வரைக்கும் போனது. பாக்கியம் அழவில்லை. நிமிர்ந்து நின்றாள். எல்லோரும் அவளைத்தான் திரும்பிப் பார்த்தார்கள்.

உடனே பூத்தட்டுகளுக்கு நடுவிலிருந்து டீச்சரின் குரல் மலாயில் வந்தது: "நன்றாக இருந்தது, அண்ணே! கடைசியில் சுருதி கொஞ்சம் வழுக்கிவிட்டது. செவ்வாய்க்கிழமை வாருங்கள்!"

கோயிலே சிரித்தது. இந்தத் தடவையும் முதலில் சிரித்தது நான்தான்.

அடுத்த மாதம் சண்முகம் அண்ணனே அவளிடம் போனார், தன் கட்டை எது என்று பார்க்க. இருபது வருடமாகத் தப்பான கட்டையில் பாடிக்கொண்டிருந்தாராம். அவருக்கும் ஒரு நோட்டுப் போட்டாள், புதன்கிழமை.

உள்ளபடி சொல்லுங்கள்

அங்கேயே சொல்லியும் ஊர் கேட்கவில்லை. பின்வரிசையில் நின்றவர்களுக்கு நான் பேசியது காதில் விழவில்லை. முன்வரிசையில் நின்றவர்களும், "அப்படிச் சொல்ல வைக்கிறதும் அம்மா விளையாட்டுத்தான்" என்றார்கள். மறுத்துப் பேசினால் பாவமோ என்று நானும் வாயை மூடிக்கொண்டேன். அதுதான் என் தப்பு.

இந்தக் கதையை நீங்கள் யாருக்காவது சொல்வதானால், நான் எழுதியபடியே சொல்லுங்கள். டீச்சர் நாகம்மாவை விட்டுவிடாதீர்கள். ஏழு மாதத்தை ஒரு நாளாக்காதீர்கள். நான்காவது கண்ணியைக் கட்டியவள் பாக்கியம் என்று பெயரோடு சொல்லுங்கள்.

அம்மன் அன்றைக்கு வந்தாளா என்று கேட்பார்கள். வந்தாள் என்பது என் நம்பிக்கை. கூட்டத்தில் ஒருத்தியாக நின்று, பாட்டை முதலிலிருந்து கடைசிவரை கேட்டுவிட்டுப் போனாள். அதையும் இவ்வளவாகவே சொல்லுங்கள். ஒரு சொல் கூட்ட வேண்டாம்.